துருப்பிடித்த கருவியை மீட்பது: இரும்பின் வேதியியலோடு ஒரு செய்முறை

துரு வெளியிலிருந்து வந்து படிவதில்லை. கருவியின் இரும்பே ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து வேறு பொருளாகிவிட்ட பகுதி அது. துருவை எடுக்கும்போது, முன்பு இரும்பாக இருந்ததையே எடுக்கிறோம். அப்படிப் போன கனம் எந்த முறையாலும் திரும்பாது. நம்மால் செய்ய முடிந்தது இரண்டு. மிச்சமிருக்கும் நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் நீக்கலாம். நீக்கிய இடத்தில் அது மறுபடி தொடங்காமல் தடுக்கலாம். பெரும்பாலோர் இரண்டாவதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பளபளவென்று எடுத்த உளி ஒரே வாரத்தில் மறுபடி சிவப்பதற்கு அதுதான் காரணம்.

துரு ஒரு மின்சுற்று

இரும்பின் மேல் ஒரு நீர்த்துளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். துளியின் ஓரம் மெல்லியது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அங்கே எளிதில் கரைந்து இரும்பை எட்டும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் குறைவு. நடுவில் உள்ள இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீருக்குள் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே ஓரத்துக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடு அயனியாக மாற்றுகின்றன. இரண்டு வகை அயனிகளும் நீருக்குள் சந்திக்கும் இடத்தில் இரும்பு ஹைட்ராக்சைடு உருவாகிறது. அதில் மேலும் ஆக்சிஜன் ஏறும்போது பழுப்புச் சிவப்புத் துரு பிறக்கிறது. துரு குவிவது ஓரிடம், குழி விழுவது பக்கத்தில் இன்னோர் இடம் என்று இருப்பது இதனால்தான்.

இந்தச் சுற்று ஓட நான்கு வேண்டும்: கரைவதற்கு இரும்பு, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன், அயனிகள் நகர ஈரம், எலக்ட்ரான் ஓட உலோக இணைப்பு. ஏதாவது ஒன்றை அறுத்தால் துரு நிற்கும். எண்ணெய், மெழுகு, பெயின்ட், துத்தநாகப் பூச்சு, உலர்ந்த அலமாரி என்று நாம் கையாளும் எல்லாமே இந்த நான்கில் ஒன்றை அறுக்கும் வழிகள்தான். உப்பு இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். ஈரத்தின் மின்கடத்தும் திறனைக் கூட்டும். அதிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் இயல்பாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைக்கும்.

அலுமினியத்தின் ஆக்சைடு இறுக்கமான தோலாகப் படிந்து உள்ளே உள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் இல்லை. தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அது பிடிப்பதால் உப்பி, வெடித்து, செதில் செதிலாகப் பெயர்கிறது. அதன் நுண்துளைகள் ஈரத்தையும் பிடித்து வைக்கின்றன. ஆகவே கொஞ்சம் துரு மேலும் துருவை வளர்க்கும்.

எந்த இரும்பு என்று முதலில் பாருங்கள்

முறையைத் தேர்வதற்கு முன் கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் கார்பனின் அளவில் இருக்கிறது. சாதாரண மென்னெஃகில் கார்பன் கால் சதவீதத்துக்குள்தான். உளி, ரம்பம், கத்தி போன்றவற்றின் எஃகில் சுமார் 0.6 முதல் 1.2 சதவீதம் வரை. வார்ப்பிரும்பில் 2 சதவீதத்துக்கு மேல், வழக்கமாக 3 சதவீதத்தை ஒட்டி. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே கிடக்கும். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும்.

தெரியாத துண்டின் முக்கியமில்லாத மூலை ஒன்றைச் சாணைக்கல்லில் தொட்டுப் பாருங்கள். மென்னெஃகின் தீப்பொறி நீளமான மஞ்சள் கோடுகளாகப் போகும், கிளைகள் குறைவு. கார்பன் அதிகமுள்ள எஃகில் பொறிகள் நுனியில் நிறையக் கிளைத்து வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகச் செந்நிறத்தில் இருக்கும். அரமும் ஒரு சோதனைக் கருவிதான்: மென்னெஃகை அது கடிக்கும், நன்றாகக் கடினப்படுத்திய உளியின் முனையில் வழுக்கும்.

கடினப்படுத்திய எஃகுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு.

முதலாவது சூடு. உளியின் முனையைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய பிறகு, குறைந்த சூட்டில் மறுபடி பதப்படுத்தியிருப்பார்கள். அந்தச் சூட்டைத் தாண்டினால் பதம் போய்விடும். கிரைண்டரில் துருவைத் தேய்க்கும்போது எஃகின் நிறமே எச்சரிக்கை கொடுக்கும்: சுமார் 220 டிகிரி செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறம், 270 முதல் 280-ல் ஊதா, 300-ஐ ஒட்டி நீலம். முனை நீலமாகிவிட்டால் அந்தப் பகுதி மென்மையாகிவிட்டது. நீலத்தைத் தேய்த்து அழித்தாலும் கடினம் திரும்பாது. வெறும் கையால் பிடிக்க முடியாத சூட்டுக்குப் போகவிடாமல், அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தேய்ப்பது பாதுகாப்பு. துருவைச் சுட்டு எடுக்கும் வழக்கத்தைக் கருவி எஃகின் பக்கம் கொண்டுவரவே கூடாது.

இரண்டாவது ஆபத்து ஹைட்ரஜன். அமிலத்திலும் மின்பகுப்புத் தொட்டியிலும் எஃகின் பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. அவற்றில் சில உலோகத்துக்குள் நுழைந்துவிடும். மென்னெஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும் இதனால் பெரிய பாதிப்பு இல்லை. மிகக் கடினமான எஃகோ உள்ளிருந்து நொறுங்கும் தன்மையைப் பெறுகிறது. சுமை ஏறிய சில மணி நேரம் கழித்துக்கூட முன்னறிவிப்பின்றி உடையலாம். சுருள்வில்கள், மெல்லிய ரம்பத் தகடுகள், 10.9 அல்லது 12.9 என்று தலையில் பொறித்த உயர்வலிமைப் போல்ட்டுகள் ஆகியவற்றை அமிலத்திலும் மின்தொட்டியிலும் போடாதீர்கள். வில்லையும் தகட்டையும் எண்ணெய் தொட்டு நுண்ணிய ஸ்டீல் வுல்லால் (மெல்லிய எஃகு இழைகளின் பஞ்சு) கையால் தேய்ப்பதே சரி. துருவில் குழி விழுந்த உயர்வலிமைப் போல்ட்டை மீட்கவே வேண்டாம், புதிது போடுங்கள். தூக்கும் சங்கிலி, கொக்கி, கம்பிவடம், அழுத்த உருளை ஆகியவற்றுக்கும் இதே தீர்ப்புதான். கனம் எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது. கணிப்புத் தவறினால் உயிர் போகும்.

குளியலுக்கு முன்

மரப்பிடி, தோல், பிளாஸ்டிக், பித்தளை, அலுமினியம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அலுமினியத்தைச் சோடாக் கரைசல் தின்னும். துத்தநாகப் பூச்சை அமிலம் தின்னும். கால்வனைஸ் செய்த போல்ட்டை அமிலத்தில் போட்டால் துருவோடு அதன் காப்பும் சேர்ந்தே போய்விடும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், முகமூடி அணியுங்கள்.

பெயர்ந்து நிற்கும் செதில்களைக் கம்பித் தூரிகையாலும் மழுங்கிய சுரண்டியாலும் தட்டி எடுங்கள். அடுத்ததாக எண்ணெய்ப்பசையை நீக்குங்கள்: பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுநீரும் போதும், பிசுக்கு அதிகமென்றால் சலவை சோடா சேர்க்கலாம். கழுவியபின் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவினால் சுத்தம். எண்ணெய் இருக்கும் இடத்தில் எந்தக் கரைசலும் வேலை செய்யாது. பாதி வெளுத்துப் பாதி சிவந்து திட்டுத்திட்டாக வரும் கருவிகளில் இந்தப் படிதான் தவறியிருக்கும்.

சிட்ரிக் அமிலக் குளியல்

கைக்கருவிகளுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். எளிய வடிவம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம். கருவி முழுவதும் மூழ்க வேண்டும். பாதி வெளியே நின்றால் நீர்மட்டம் தொடும் கோட்டில், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால், அரிப்பு அதிகமாகி நிரந்தரக் கோடு விழும். கருவியின் அடியில் சிக்கிய காற்றுக்குமிழும் இப்படியே வட்டத் தழும்பை விடும். இறக்கியபின் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

மெல்லிய துருவுக்கு 1 முதல் 3 மணி நேரம், தடித்ததற்கு 6 முதல் 8 மணி நேரம். மணிக்கு ஒருமுறை எடுத்துத் தூரிகையால் தேயுங்கள். கரைசல் 40 டிகிரிக்கு வெதுவெதுப்பாக இருந்தால் நேரம் நன்றாகக் குறையும். இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்: துரு தீர்ந்த பிறகு அமிலம் நல்ல இரும்பைக் கரைக்கத் தொடங்கும். சீரான சிறு குமிழ்கள் எழுவது அதன் அடையாளம். அந்தக் குமிழ்கள் ஹைட்ரஜன். வெளியே எடுக்கும்போது கருவி கரும்பழுப்புப் பூச்சோடு வந்தால் பயப்பட வேண்டாம். இரும்பு கரைந்தபின் பின்தங்கிய கார்பனும் இரும்புக் கார்பைடும்தான் அந்தக் கரி. தூரிகையில் தேய்த்தால் போய்விடும். வார்ப்பிரும்பில் இது அதிகமாக இருக்கும், கிராஃபைட் நிறைய இருப்பதால்.

இதைவிட மென்மையான, மறந்து விட்டாலும் பெரிதாகக் கெடுக்காத வடிவம் ஒன்று உண்டு. அமிலத்தைப் பாதிக்கு மேல் சோடாவால் தணித்துவிடுவது. சிட்ரிக் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் அயனிகளைக் கொடுக்க வல்லது. அவற்றில் இரண்டைத் தணித்தால் கரைசலின் அமிலக்கடுமை நன்றாகக் குறைந்து, பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது ஏற ஏற அமிலக்கடுமை குறைவு) 5-ஐத் தாண்டும், அதே சமயம் சிட்ரேட் அயனி துருவிலுள்ள இரும்பு அயனியைப் பல பக்கமிருந்து கவ்விக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும் திறன் அப்படியே இருக்கிறது. வேலையைச் செய்வது அந்தப் பிடி. வெறும் புளிப்பு இல்லை.

அளவு: ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம். அது கரைந்தபின், நீரில்லாத தூள் சலவை சோடா 55 கிராம். கண்ணாடிபோன்ற படிகச் சலவை சோடாவாக இருந்தால் 150 கிராம், அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால். சமையல் சோடா மட்டும்தான் இருக்கிறதென்றால் 88 கிராம். எதுவானாலும் சிறிது சிறிதாகப் போடுங்கள். சலவை சோடாவில் சுமார் 12 லிட்டரும், சமையல் சோடாவில் சுமார் 25 லிட்டரும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மொத்தமாகக் கொட்டினால் பாத்திரம் பொங்கி வழிந்துவிடும். கொள்ளளவு மூன்று மடங்காவது இருக்கும் வாளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நுரை அடங்கியபின் பாத்திர சோப்பு சில துளி சேர்த்தால் கரைசல் இடுக்குகளில் நன்றாக நனையும். இந்தக் கரைசலுக்கு 6 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். பழுப்பாகி, வேகம் குறைந்து, துரு அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

வினிகரும் வேலை செய்யும். அதிலுள்ள 5 சதவீத அசிட்டிக் அமிலத்துக்கு அரை நாள் முதல் ஒரு நாள் ஆகும், நாற்றமும் அதிகம். வினிகரில் உப்புப் போட்டால் வேகம் கூடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கூடுவது உண்மை. ஆனால் அந்தக் குளோரைடு குழிகளுக்குள் தங்கி, பின்னால் துருவை மீண்டும் மீண்டும் எழுப்பும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நாங்கள் பரிந்துரைக்காததும் இதே காரணத்தால்தான். அதன் ஆவி அறையிலுள்ள மற்ற இரும்பையும் துருவேற்றும். குளோரின் கலந்த வெளுப்பானை எந்த அமிலத்தோடும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

மின்பகுப்பு

பெரிய வார்ப்பிரும்புத் துண்டு, வைஸ், சிக்கலான உட்குழிவுள்ள பாகம், தடித்த துரு என்றால் இந்த முறைக்கு வாருங்கள். துருவாவதற்கு இரும்பு எலக்ட்ரானை இழந்தது. நாம் வெளியிலிருந்து எலக்ட்ரானைத் திணிக்கிறோம். சிவந்த துருவின் ஒரு பகுதி மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடாகச் சுருங்கித் தளர்கிறது. பரப்பில் எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் மிச்சத்தைத் தள்ளிப் பெயர்க்கின்றன. எதிர்மின் பக்கமாக இருக்கும் வரை நல்ல இரும்பு கரைவதில்லை. நேரம் தவறினாலும் கருவி மெலியாது என்பது அமிலத்தைவிட இதற்குள்ள பெரிய மேன்மை.

வேண்டியவை: பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் தூள் சலவை சோடா (படிகமென்றால் 27 கிராம்), 12 வோல்ட் நேர்மின்னோட்ட மூலம், பலி கொடுக்க ஒரு சாதாரண இரும்புத் தகடு அல்லது கம்பி. மின்கலம் இணைக்காமல் மின்சாரம் தராத தானியங்கி சார்ஜர்கள் இதற்கு உதவாது; மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை நல்லது.

இணைப்பில் தவறவே கூடாது. எதிர்முனை, அதாவது கருப்பு, கருவிக்கு. நேர்முனை, சிவப்பு, பலித்தகட்டுக்கு. மாற்றி இணைத்தால் உங்கள் கருவிதான் கரையும். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் ஒரு கிராம் இரும்பு போகும். கருப்புக் கவ்வி பிடிக்கும் இடத்தைப் பளிச்சென்று சுரண்டுங்கள், துரு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. சிவப்புக் கவ்வி நீருக்கு வெளியே இருக்கட்டும்; உள்ளே போனால் செம்பு கரைந்து கருவியின் மேல் படியும். கருவிக்கும் தகட்டுக்கும் இடையே 5 முதல் 10 சென்டிமீட்டர். ஒன்றையொன்று தொட்டால் குறுக்குச்சுற்று. மின்சாரம் பெரும்பாலும் நேர்ப்பாதையில் போகும், தகட்டைப் பார்த்திருக்கும் முகமே நன்றாகச் சுத்தமாகும். ஆகவே இரண்டு மூன்று தகடுகளைச் சுற்றி நிறுத்தி எல்லாவற்றையும் நேர்முனையோடு சேர்ப்பது, அல்லது பாதியில் கருவியைத் திருப்புவது நல்லது.

கைக்கருவிக்கு 1 முதல் 3 ஆம்பியர் போதும். மெதுவாக ஓடினால் துரு நன்றாகத் தளரும். வேகத்துக்காக மின்னோட்டத்தை ஏற்றினால் வாயுதான் அதிகமாகும், கரைசல் சூடேறும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நடுவில் மின்னோட்டம் தானாக இறங்கிவிட்டால் பலித்தகடு பழுப்புச் சேற்றால் மூடியிருக்கும். அணைத்து, சுரண்டி, மறுபடி வையுங்கள்.

இனி மூன்று தடைகள், மூன்றுக்கும் விலக்கே கிடையாது. துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் வைக்காதீர்கள்: அதன் குரோமியம் ஆறு இணைதிறன் கொண்ட வடிவில் கரைசலில் இறங்கும், அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. குரோமியம் பூசியவற்றுக்கும் அதே விதி. சலவை சோடாவுக்குப் பதிலாகச் சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள்: நேர்முனையில் குளோரின் வாயு எழும். மூடிய அறையில் செய்யாதீர்கள்: ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 0.45 லிட்டர் ஹைட்ரஜன் தரும். 2 ஆம்பியரில் 10 மணி நேரம் ஓடினால் 9 லிட்டர். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பற்றும். 200 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய அலமாரியை அபாயமாக்க அந்த 9 லிட்டர் போதும். வெளியில் வையுங்கள், தொட்டியை மூடாதீர்கள், கவ்வியைக் கழற்றுமுன் மின்சாரத்தை அணையுங்கள். கவ்வி பிடுங்கும்போது பறக்கும் பொறிதான் இங்கே தீக்குச்சி.

எடுத்த பின் முதல் பத்து நிமிடம்

குளியலிலிருந்து வந்த இரும்புக்கு மேலே எந்தக் காப்பும் இல்லை. நனைந்த நிலையில் காற்றில் வைத்தால் சில நிமிடங்களிலேயே ஆரஞ்சுப் படலம் படரும். ஆகவே கருவியை வெளியே எடுக்குமுன்பே எல்லாவற்றையும் வரிசையாகத் தயாராக வைத்திருங்கள்.

அமிலத்திலிருந்து வந்ததென்றால், லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தித் தூரிகையால் தேயுங்கள். குழிகளில் தங்கிய அமிலம் தணிய வேண்டும். அடுத்தது, கொதிக்கும் பதத்திலுள்ள வெந்நீரில் முக்கி எடுங்கள். சூடான நீருக்குக் காரணம் உண்டு: இரும்பு அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் தன் சூட்டாலேயே ஈரத்தை ஆவியாக்கிவிடும். துணியால் துடைத்து, 100 டிகிரியை ஒட்டிய அடுப்புப் பெட்டியில் 20 நிமிடம் வையுங்கள், அல்லது சூடான காற்றூதியைக் காட்டுங்கள். நூல்புரி, கீல் போன்ற இடுக்குகள் இருந்தால், சூடாக்கும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அலசினால் அது நீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். ஆல்கஹால் முழுவதும் ஆவியானபிறகே அடுப்பு. அதன் ஆவி எரியும்.

கை தாங்கும் சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். மெல்லிய ஆரஞ்சு படர்ந்துவிட்டாலும் மறுபடி குளியல் வேண்டாம். எண்ணெய் தொட்ட நுண்ணிய ஸ்டீல் வுல் போதும். துருப்பிடிக்காத எஃகில் மட்டும் சாதாரண ஸ்டீல் வுல்லைப் பயன்படுத்தாதீர்கள். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருப்புள்ளிகளாக வரும், எஃகே துருப்பிடித்ததுபோலத் தெரியும்.

அதே குழியில் திரும்பத் திரும்ப வரும் துரு

எல்லாம் சரியாகச் செய்தும் சில குழிகள் மட்டும் மறுபடி சிவக்கும். ஈரமான நாளில் பரப்பின் மேல் சிறு பழுப்புத் துளிகள் வியர்த்தாற்போல நிற்பதும் உண்டு. இரண்டும் குளோரைடின் அடையாளம். குழியின் அடியில் தங்கிய இரும்புக் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து, தானே ஓர் அமிலக் குட்டையாகிவிடுகிறது; இரும்பு கரைந்து துரு படிந்தபின் குளோரைடு விடுபட்டு மறுபடி வேலைக்கு வருகிறது. கடல்நீரில் கிடந்தவை, வியர்வைக் கைகள் பிடித்தவை, உப்பு சேர்த்த அமிலத்தில் நனைந்தவை இதற்கு முக்கிய இலக்கு.

மேலே எவ்வளவு எண்ணெய் பூசினாலும் இது அடங்காது. உப்பை வெளியே எடுக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு 20 கிராம் சலவை சோடா கரைத்து, கருவியை அதில் மூழ்க வைத்து, வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். காரக் கரைசலில் இரும்பு துருப்பிடிப்பதில்லை, அதனால் காத்திருப்பது கெடுதல் செய்யாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாக இருப்பதற்கும் அதே காரத்தன்மைதான் அடிப்படை. மின்பகுப்பும் இங்கே உதவும். எதிர்மின்னேற்றமுள்ள குளோரைடு அயனி கருவியை விட்டு நேர்முனைக்கு இழுக்கப்படும்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு சோதனை: எண்ணெய் பூசாத கருவியை, ஈரத்துணி வைத்த மூடிய டப்பாவில், துணி தொடாமல் இரண்டு நாள் வையுங்கள். உப்புள்ள குழிகளில் ஆரஞ்சு முத்துகள் எழும். அந்தக் கருவி மறுபடி ஊறப் போக வேண்டும்.

சிவப்பைக் கருப்பாக்குவது

துருவை முழுக்க எடுக்காமல் காப்பாக மாற்றும் வழியும் இருக்கிறது. வேலைப்பாடு நிறைந்த பழைய பாகங்களுக்கு அது பொருத்தம். எண்ணெய் நீக்கிய கருவியில் மெல்லிய, இறுக்கமான சிவப்புத் துரு மட்டும் இருக்கட்டும், செதில் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் 20 முதல் 30 நிமிடம் கொதிக்க வையுங்கள். சிவப்பு, வெல்வெட்போன்ற கருப்பாக மாறும். அது மேக்னடைட், இரும்போடு ஒட்டி நிற்கும் ஆக்சைடு. எண்ணெயில்லாத மிக நுண்ணிய ஸ்டீல் வுல்லால் மேலே நிற்கும் தளர்ந்த தூளை மட்டும் துடைத்துவிட்டு, மறுபடி ஈரக்காற்றில் மெல்லிய துருவேற்றி, மறுபடி கொதிக்க வைத்து, நான்கைந்து சுற்றுச் செய்தால் ஆழ்ந்த நீலக்கருப்பு கிடைக்கும். குழாய்நீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் திட்டு விடும். கடைசியில் எண்ணெய் பூசியே ஆக வேண்டும், இந்தப் படலத்தில் நுண்துளைகள் உண்டு.

டானிக் அமிலம் இன்னொரு வழி. கடுக்காயிலும் தேயிலையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளின் வகை இது. 100 மில்லி நீரில் 5 முதல் 10 கிராம் கரைத்து, தளர்ந்த துருவை நீக்கிய பரப்பில் மெல்லியதாகத் தூரிகையால் தேய்த்துப் பூசுங்கள். காற்றுப் படப்பட நீலக்கருப்பு இரும்பு டானேட் உருவாகும். ஒவ்வொரு பூச்சும் ஒரு நாள் உலரட்டும், இரண்டு மூன்று பூச்சு போதும். பளபளக்கும் வெறும் இரும்பில் இது சரியாக ஒட்டாது, துருதான் இதன் மூலப்பொருள். மேலே மெழுகோ பெயின்டோ வேண்டும்.

காப்பும் இருப்பும்

அடிக்கடி எடுக்கும் கருவிக்கு மெல்லிய கனிம எண்ணெய் போதும், வாரந்தோறும் துடைத்துப் பூசுவீர்கள் என்றால். மாதக்கணக்கில் கிடக்கப்போகும் கருவியில் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், அதற்கு மெழுகு. தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு, எடைக்கணக்கில். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து நெருப்பிலிருந்து அகற்றியபிறகு டர்பன்டைனைச் சேர்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் நல்ல காப்பு, ஆனால் அது தோய்ந்த துணியைக் கசக்கி எறிந்தால் உலரும்போது வெளிவரும் சூட்டில் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வெளியில் நிற்கும் இரும்புக்குத் துத்தநாகத்துக்கு இணை இல்லை. இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விடும் உலோகம் அது. பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகமே முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயப் பூச்சில் கதை தலைகீழ்: கீறல் விழுந்தால் இரும்பு முன்பைவிட வேகமாக அரிக்கும். பெயின்ட் அடிப்பதென்றால், உலர்த்திய சில மணி நேரத்துக்குள் துத்தநாகப் பாஸ்பேட் பிரைமரை ஏற்றிவிடுங்கள்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுத்தமான இரும்பு துருப்பிடிப்பது மிகமிக மெதுவாகும். பரப்பில் கடலுப்பு இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக் கரைந்துவிடும். விடியலில் குளிர்ந்த இரும்பின் மேல் ஈரக்காற்று பட்டால் பனி படியும் என்பதால், கருவிப்பெட்டியை மூடி வைத்து உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். கத்தியை அதன் தோல் உறையிலேயே நீண்ட நாள் விடாதீர்கள், தோல் பதனிட்ட உப்புகளும் அமிலங்களும் ஈரத்தோடு சேர்ந்து அலகைத் தின்னும். புதிதாக அறுத்த மரப்பெட்டியும் அசிட்டிக் அமில ஆவியை விடும். இரும்பை அதில் அடைக்க வேண்டியிருந்தால் மெழுகு பூசி, எண்ணெய்த்தாளில் சுற்றி வையுங்கள்.

பழைய குளியலைக் கொட்டுமுன்: சிட்ரிக் கரைசலில் நுரை வருவது நிற்கும்வரை சோடா சேர்த்துத் தணித்து, நிறையத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். மின்தொட்டியில் இரவு முழுக்கச் சேறு படியவிட்டுத் தெளிந்த நீரை வடித்துவிடுங்கள். துத்தநாகம், குரோமியம், ஈயப் பெயின்ட் எதுவும் அந்தக் கரைசலில் பட்டிருந்தால் சாக்கடைக்கும் மண்ணுக்கும் அது போகக் கூடாது. மூடிய கலனில் சேர்த்து அபாயக் கழிவாகக் கொடுத்துவிட வேண்டும்.